ஆர் கலைக்கிறாங்கள்?

சப்பாத்து நாடாவைக் கட்டியபடி வாசற்படியில் குந்தியிருந்தேன். 2023 ஜனவரி, ஞாயிறு காலை, வெளியே இன்னும் விடியவில்லை. பின்னால் வந்து நின்ற அம்மா, "எங்கை தம்பி வெளிக்கிட்டிட்டாய்?" என்றார். ஓடப் போகிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கதவைச் சாத்தப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "ஆர் கலைக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

துரத்துவதை எங்களூரில் கலைப்பது என்போம். அம்மாவின் சீவியத்தில் ஓட்டம் என்ற சொல்லுக்கு அது ஒன்றுதான் பொருள். "முதல் ஓடினது" என்றால் 1987. "பெரிய ஓட்டம்" என்றால் 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, வலிகாமமே மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா சைக்கிளை உருட்டினார். அதில் அரிசி மூட்டை, மூட்டைக்கு மேல் தங்கச்சி. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி மறுநாளும் சிவந்திருந்தது. அடி எடுத்து வைக்கவே இடமில்லை, பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. அதைப் போய் ஏன் ஓட்டம் என்கிறோம் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இந்த அம்மாவுக்கு, அவருடைய நோய்க்காகவே லண்டன் மரதன் ஓடப் போகிறேன் என்பதை எப்படி விளக்குவது? "ஒருத்தரும் கலைக்கேல்லை அம்மா, சும்மா ஓடுறன்" என்றேன். சும்மா ஓடுகிற மனிதனை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் எனக்கு அன்றும் தெரியாது.

நோயைக் கண்டுபிடித்தது 2018-இல். மணிக்கூடு வரையச் சொன்னார் வைத்தியர். அம்மா வட்டத்தைக் கோலம்போல அழகாகப் போட்டார். பிறகு பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே அடுக்கிவிட்டு, வேலை முடிந்ததென்று பேனாவை வைத்தார். அல்சைமர் என்று எழுதித் தந்தார்கள். வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "வயசு போனால் அறளை பேரும்தானே" என்றார் மாமி. எங்கள் ஆச்சிக்கும் அறளை பெயர்ந்திருந்தது, ஆச்சியின் தமையனுக்கும். அறளை என்பது ஆறுதலான சொல். அதில் பழி இல்லை, பயமும் இல்லை. ஆனால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்று கதவையும் சாத்திவிடுகிற சொல். நரை விழுந்தால் யாராவது ஆராய்ச்சி செய்வார்களா?

மரதனுக்குக் குலுக்கலில் இடம் கிடைப்பது அரிது. நான் அல்சைமர்ஸ் ரிசர்ச் யூகே என்ற தொண்டு நிறுவனத்தின் இடத்தில் பதிந்தேன். 2,000 பவுண் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. எழுத்தாளர் டெரி பிராட்செட் தனக்கு இந்த நோய் வந்திருப்பதை 2007 டிசம்பரில் ஊரறியச் சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டு பத்து லட்சம் டொலர் கொடுத்தது இவர்களுக்குத்தான். அவரைப்போல ஊரறியச் சொல்லவேண்டிய முறை இப்போது எனக்கு வந்தது. காசு கேட்பதென்றால் எதற்கென்று சொல்லவேண்டுமே. நாற்பத்திரண்டு கிலோமீற்றரைவிட அதுதான் தூரமாக இருந்தது. "கொம்மாவுக்கு ஏன் இப்பிடிப் பேரெடுத்துக் குடுக்கிறாய்?" என்று ஒரு சித்தப்பா தொலைபேசியில் ஏசினார். ஏசிவிட்டு ஐம்பது பவுண் அனுப்பினார்.

கோயிலில் ஒரு பெரியவரிடம் சொன்னபோது அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப இது நேத்தி மாதிரி." செல்வச்சந்நிதி கோயிலிலிருந்து கதிர்காமம் வரை நடந்து போன மனிதர் அவர். உடம்பை வருத்துவதற்கும் ஒரு காரியம் ஆவதற்கும் உள்ள தொடர்பை அவருக்கு நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. வெள்ளைக்காரர் இதற்குத் தருகிற எந்த விளக்கத்தைவிடவும் இது எனக்குப் பொருந்தியது. அப்படியே விட்டிருக்கலாம். "அப்ப ஓடி முடிச்சால் அம்மாவுக்குச் சுகம் வருமோ?" என்றும் கேட்டுவிட்டார்.

வராது. நான் பயிற்சி செய்த அந்தக் குளிர்காலத்தில்தான் லெக்கானெமாப் என்ற மருந்தின் பரிசோதனை முடிவுகள் முழுமையாக வெளிவந்தன. பதினெட்டு மாதத்தில், நோய் மோசமாகும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. நின்றுவிடவில்லை, குறைந்தது, அவ்வளவுதான். அதுவும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு. அம்மா அந்தப் படியைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டார்.

ஆனால் அந்த மருந்து வந்த வழியை வாசித்தபோது எனக்கு ஒரு பெண்ணின் கதை கிடைத்தது. கரோல் ஜென்னிங்ஸ், நொட்டிங்ஹாமைச் சேர்ந்தவர். அவருடைய தந்தைக்கும் தந்தையின் உடன்பிறப்புகள் சிலருக்கும் ஐம்பது வயதுகளிலேயே இந்த நோய் வந்தது. இது தற்செயலாக இருக்க முடியாது என்று எண்ணி, 1980-களின் நடுப்பகுதியில் லண்டன் ஆய்வாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். குடும்பத்தார் இரத்தம் கொடுத்தார்கள். 1991-இல் ஜோன் ஹார்டியின் குழு அந்தக் குடும்பத்து மரபணுவில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தது. அமிலோயிட் என்ற புரதம் மூளையில் படிவதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. அந்தப் புரதத்தை அகற்றுவதுதான் லெக்கானெமாப்பின் வேலை. கடிதத்துக்கும் மருந்துக்கும் இடையில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல். கரோலுக்கும் தந்தையின் நோயே வந்தது. 2024-இல் இறந்தார். நான் அடிக்கடி நினைப்பது அந்தக் கடிதத்தை. எங்கள் ஆச்சிக்கும் தமையனுக்கும் சேர்ந்தே வந்தபோது நாங்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. எங்களிடம் அறளை என்ற சொல் இருந்தது.

பெரியவருக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "வேறை ஆருக்காவது சுகம் வரும் ஐயா" என்றேன். தனக்கு வரம் இல்லாத நேத்தியா என்று சிறிது யோசித்தார். பிறகு இருபது பவுண் தந்தார்.

எனக்கு வரம் இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. ஆச்சி, அம்மா, அடுத்தது யார் என்ற கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2020-இல் லான்செட் குழு ஒன்று, மாற்றக்கூடிய பன்னிரண்டு காரணங்களைப் பட்டியலிட்டது. உடற்பயிற்சி இன்மை அதில் ஒன்று. காது கேளாமை இன்னொன்று. அம்மாவின் காது மந்தமாகிப் பத்து வருடம். வாங்கிக் கொடுத்த காதுக்கருவி லாச்சிக்குள் கிடந்தது, நாங்களும் வற்புறுத்தவில்லை. அல்பேட்டன் கால்வாய் ஓரம் வாத்துகளை விலக்கிக்கொண்டு ஓடிய ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த லாச்சிதான் நினைவில் வரும். கலைக்கிறவர் ஒருவரும் இல்லை என்று அம்மாவிடம் நான் சொன்னது பொய்தான்.

ஏப்ரல் 23, ஓட்ட நாள். மழை. கிரீனிச் பக்கம் பிளாக்ஹீத் வெளியில் பொலித்தீன் பைகளைப் போர்த்திக்கொண்டு ஆயிரமாயிரம் பேர் நின்றோம். முன்னால் நின்றவரின் முதுகில் ஒரு கிழவரின் படம் குத்தியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் என் பனியனைப் பார்த்துத் தலையாட்டினார். நெஞ்சில் பெயரை அச்சடித்திருந்ததால் வழிநெடுக முன்பின் தெரியாதவர்கள் என் பெயரைக் கூப்பிட்டார்கள், பாதிப்பேர் தப்பாகத்தான். வீட்டில் இரண்டு வருடமாக நான் சின்ன மாமாவின் பெயரில் இருக்கிறேன்.

இருபதாவது கிலோமீற்றரில் டவர் பிரிட்ஜ். அங்கே சனம் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கும், சத்தத்தில் கால் தானாகப் போகும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கால் போகவில்லை. மழை, பாலம், முன்னாலும் பின்னாலும் தலைகள். ஓரமாக ஒதுங்கி, கெண்டைக்காலை இழுத்துவிடுவதுபோல நின்றேன். அன்று பெண்கள் ஓட்டத்தில் வென்ற சிஃபான் ஹசனும் இடுப்பு வலியால் நடுவில் நின்று காலை இழுத்துவிட்டுத்தான் வென்றாராம். நான் வெல்லவில்லை. இரண்டாம் பாதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நடந்தேன், ஓடினேன், நடந்தேன். கடைசி 385 யார் மட்டும் மனதில் நிற்கிறது. 26 மைலோடு விட்டிருக்கவேண்டியதை, 1908 ஒலிம்பிக்கில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன்னால் முடிக்கவேண்டுமென்று நீட்டினார்கள். அரண்மனைக்குப் பக்கத்தில் அந்த மிச்சத்தை ஓடும்போது ஏழாம் எட்வர்ட் மன்னரை நல்ல யாழ்ப்பாணத் தமிழில் ஏசினேன். சேர்ந்த காசு 3,140 பவுண்.

வீட்டுக்கு வரும்போது பின்னேரம். ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் ஏறினேன். அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை, நிப்பாட்டவும் விடவில்லை என்றார் மாமி. என் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்த அம்மா, "பாலம் தாண்டியிட்டியே?" என்றார்.

"ஓம் அம்மா."

"எல்லாரும் தாண்டியிட்டினமோ?"

"எல்லாரும் தாண்டியிட்டினம்."

"கொப்பர்?"

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம். மாமி என்னைப் பார்த்தார்.

"சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலை வாறார்" என்றேன்.

"அப்ப தண்ணியைக் கொதிக்க வை" என்றார் அம்மா. "மனுசன் நனைஞ்சுபோய் வரும்."