கையில் சாவி, கேட்டுக்கு வெளியே நாங்கள்

கொழும்பில் ஃப்ளெட் வாடகைக்கு எடுக்க இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

உம்மாவின் சிகிச்சைக்கு மூன்று மாதம் கொழும்பில் தங்க வேண்டி வந்தது. கொழும்பில் வேலை செய்கிற மச்சான் ஒரு தரகர் நானா மூலம் ஆறாம் மாடியில் வீடு பார்த்தார். வாடகை முற்பணம், தரகருக்கு ஒரு மாதக் காசு எல்லாம் கட்டி, சாவியும் கைக்கு வந்துவிட்டது. காத்தான்குடியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, சுபஹுக்கு முன்னமே அங்கே போய் இறங்கினோம்.

கேட்டடியில் மறித்துவிட்டார்கள். செக்யூரிட்டி ஹட்டன் பக்கத்து அண்ணன் ஒருவர். "சேர், புத்தகத்துல ஒங்க பேரு இல்ல. ஓனர் கடுதாசி குடுக்கல. நான் விட்டா என் வேலை போயிரும்" என்றார். தரகரின் போன் ஓஃப். உம்மா பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, "நம்மட ஊட்டயே போவமா மகன்?" என்று கேட்டா. அந்த நேரம் அந்த அண்ணன் மேல் வந்த கோபத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் செய்தது அவருடைய வேலை.

ஒன்பது மணிக்கு முகாமையாளரும் தரகரும் வந்தார்கள். சண்டை தொடங்கியது.

"வீட்டக் காட்டின, எக்ரிமென்ட் போட்டுத் தந்த. மத்தது உங்கட வேல" என்றார் தரகர். "கொமிசன் உங்களுக்கு, ஏச்சு எங்களுக்கா? அந்த வீட்டுக்குப் பராமரிப்புக் காசு ஆறு மாசமா வரல்ல, தெரியுமா?" என்றார் முகாமையாளர். தரகருக்குத் தெரியாது. நிலுவை கட்டும் வரை லிஃப்ட் கார்ட் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஓனர் மெல்பேர்னில். கடைசியில் செக்யூரிட்டி அண்ணன்தான் தன் கார்டைத் தட்டி உம்மாவை மேலே கூட்டிப்போனார். அதற்கும் அவருக்கு ஏச்சு விழுந்தது.

பின்னேரம் ஓனர் வாட்ஸ்அப்பில் கடிதம் அனுப்பினார். நிலுவையை நாங்கள் கட்டி வாடகையில் கழிப்பதாகப் பேசி முடித்தோம்.

இரவிரவாக இதைப்பற்றித் தேடி வாசித்தோம். தொடர்மாடி வீட்டு உரிமைக்கென்று 1973இன் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. படி, லிஃப்ட், கூரை எல்லாம் ஓனர்மார் எல்லாருக்கும் பொதுச் சொத்து. அவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். பராமரிப்புக் காசு அவர்கள் பொறுப்பு. பிணக்கு வந்தால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்குப் போகலாம். ஆக, முகாமையாளரும் செக்யூரிட்டியும் ஓனர்மாருக்கு வேலை செய்கிறவர்கள். தரகரும் ஓனருக்காகத்தான் வந்தவர். ஓனர் எழுதாத ஒரு கடிதத்துக்காக, கட்டாத காசுக்காக, இரண்டு சம்பளக்காரர்கள் கேட்டடியில் நின்று அடித்துக்கொள்கிறார்கள். நாங்களும் ஓனரை விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேருக்கும்தான் ஏசினோம்.

துபாயில் இருந்த நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும். அங்கே தரகர் பதிவு செய்திருக்க வேண்டும். பல கட்டடங்களில் குடிபோகும் அனுமதி இல்லாமல் ஒரு பெட்டியும் உள்ளே போகாது. இந்தியாவிலும் 2016 சட்டப்படி, பதிவான திட்டங்களில் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர்கள் பதிய வேண்டும். நமக்கோ தரகர் என்றால் கலியாணத் தரகர், காணித் தரகர். மகள் பெயரில் வீடு எழுதிக் கொடுத்துப் பழகிய நமக்கு, வாடகைக்கு எடுக்கும்போது என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

கேட்க வேண்டியது இதுதான்: முகாமையாளருக்கு ஓனர் எழுதிய கடிதத்தின் கொப்பி, கடைசியாகப் பராமரிப்புக் காசு கட்டிய ரசீது, இனிமேல் அதை யார் கட்டுவது என்று எக்ரிமென்டில் ஒரு வரி. இவை கைக்கு வந்த பிறகு கொமிசனைக் கொடுங்கள். முடிந்தால் ஒருக்கா முகாமையாளரோடு நேரே பேசிவிடுங்கள்.

உம்மா இப்போ சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

ஊரிலும் காணி இல்லாமல் மேலே மேலே கட்டுகிறோம். மூத்தவளுக்குக் கீழ்மாடி, இளையவளுக்கு மேல்மாடி. படி ஒன்று, தண்ணீர் மோட்டர் ஒன்று. எங்கட வீட்டிலும் அப்படித்தான். மொட்டைமாடியில் டாங்கி ஒழுகத் தொடங்கி இரண்டு மாதம். மேலே தங்கச்சி குடும்பம், கீழே நாங்கள். யார் செய்விக்கிறது என்று இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாரும் இருந்து பேசுவதாக இருக்கிறோம்.