மண்ணெண்ணெய் நடத்திய விஞ்ஞான பாடம்

திண்மம், திரவம், வாயு என மூன்று நிலைகளில் சடப்பொருள் உள்ளது என்பதை நாம் எல்லோரும் பாடசாலையில் படித்திருக்கிறோம். திண்மத்தில் துணிக்கைகள் நெருங்கி நின்று, நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. திரவத்தில் ஒன்றையொன்று வழுக்கிக் கடக்கின்றன. வாயுவில் பிடிவிட்டுத் திசையெங்கும் பறக்கின்றன. பரீட்சைக்காக மனனஞ்செய்து, அது முடிந்ததும் மறந்துவிடும் பாடங்களில் இதுவும் ஒன்று. ஆனால், 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களால் இதனை அவ்வாறு மறந்துவிட முடியவில்லை.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைப்பதற்கரிய பொருளாயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தது, ஆனால், தென்னிலங்கையில் விற்ற விலையைப்போலப் பல மடங்கு கொடுத்தே வாங்கவேண்டியிருந்தது. அக்காலத்தில் பத்திரிகையொன்றின் செய்திப் பிரிவில் பணியாற்றிய நான், இரவுச் செய்திகளை ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில்தான் எழுதினேன்.

அந்த விளக்கை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வெறும் ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவார்கள். மெல்லிய திரியொன்றைக் கம்பியால் தாங்கி நிறுத்துவார்கள். சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றில் அணையாது. சிறிதளவு எண்ணெயில் நெடுநேரம் எரியும்.

எரிவது திரியன்று, திரவமான எண்ணெயுமன்று என்று எனக்கு விளக்கியவர் எங்கள் அயலில் வசித்த விஞ்ஞான ஆசிரியர். எண்ணெயின் துணிக்கைகள் நூலிழைகளைப் பற்றிக்கொண்டு மேலேறுகின்றன. சுடரின் வெப்பம் அவற்றை ஆவியாக்குகிறது. அந்த ஆவியே ஒட்சிசனுடன் கலந்து எரிகிறது. எண்ணெய் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், எண்ணெய் உள்ளவரை திரி பெருமளவுக்குக் கருகாமல் தப்புகிறது. எண்ணெய் தீர்ந்த பின்னர்தான் திரி எரியத் தொடங்குகிறது. மெழுகுதிரியில் இதே காரியம் மூன்று நிலைகளிலும் நடக்கிறது: திண்மமான மெழுகு உருகித் திரவமாகி, திரியில் ஏறி, ஆவியாகி எரிகிறது. மைக்கேல் பரடே இலண்டனில் சிறுவர்களுக்கு ஆற்றிய மெழுகுதிரி பற்றிய விரிவுரைகளில், சுடரின் நடுவிலிருந்து அந்த ஆவியைக் கண்ணாடிக் குழாயொன்றின் மூலம் வெளியே கொண்டுவந்து, குழாயின் மறுமுனையில் கொளுத்திக் காட்டினார். அவ்விரிவுரைகள் 1861இல் நூலாக வெளிவந்தன.

மோட்டார் சைக்கிள்களின் கதை இதனிலும் சுவையானது. யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் அப்போது மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் அவை இலேசில் இயங்கத் தொடங்கா. ஆகவே ஒவ்வொருவரும் சிறிய போத்தலொன்றில் சில துளி பெற்றோலைப் பொன்போலப் பாதுகாத்தனர். காபரேற்றருக்குள் அதைப் பீச்சி உதைத்தால் எஞ்சின் உயிர்பெறும். சற்றுச் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும், வெண்புகையைக் கக்கியபடி.

இதன் காரணமும் துணிக்கைகளில்தான் உள்ளது. பெற்றோலின் மூலக்கூறுகள் சிறியவை. ஒன்றையொன்று பற்றும் பிடி தளர்ந்தது. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவிலுங்கூட, தீப்பற்றப் போதுமான ஆவி அதிலிருந்து வெளிப்படும். மண்ணெண்ணெயின் மூலக்கூறுகள் நீண்டவை, பிடியும் இறுக்கமானது. அதிலிருந்து அவ்வளவு ஆவி வெளிப்பட ஏறத்தாழ 38 பாகையேனும் வேண்டும். யாழ்ப்பாணத்தின் சாதாரண வெப்பநிலை அதற்குக் குறைவு. இடைவெளியை நிரப்பியது எஞ்சினின் சூடு. இந்த எண்களை அறியாமலே மெக்கானிக்குகளும் சாரதிகளும் இந்த வித்தையைக் கண்டறிந்திருந்தார்கள். அந்தச் சிறு போத்தலின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தால், காலையில் பெற்றோல் குறைந்திருக்கும். எவரும் திருடவில்லை. வேகங்கூடிய துணிக்கைகள் மேற்பரப்பைவிட்டு ஒவ்வொன்றாகப் பறந்திருக்கும்.

தடைக்கு ஈடுகொடுத்த சாமர்த்தியம் என்று இதனை வியந்து பேசுவோர் உளர். அது உண்மையே. ஆயினும், மங்கிய சுடரில் படித்த பிள்ளைகளின் கண்களும், புகையைச் சுவாசித்த நெஞ்சுகளும் அதற்குக் கொடுத்த விலையை நான் மறப்பதற்கில்லை. மண்ணெண்ணெயில் பெற்றோல் சிறிதளவு கலந்திருந்தாலும், அமைதியாக எரியும் விளக்கு வெடித்து ஆட்களைச் சுட்டுவிடும். சாமர்த்தியம் நமக்கு விருப்பமான தெரிவாக இருக்கவில்லை. வேறு வழியின்மையே அதனைக் கற்றுத்தந்தது.

2022இல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, பலர் பெற்றோலைக் கலன்களில் வாங்கி வீடுகளில் சேமித்தனர். மண்ணெண்ணெய்க்குப் பழகிய மூத்தோர் பெற்றோலையும் அவ்வாறே சமையலறை மூலையில் வைத்துவிடக் கூடும். பெற்றோலின் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு பாரமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து, தூரத்திலுள்ள அடுப்பைச் சென்றடையும். அங்கே பற்றும் தீ, வந்த வழியே கலனை நோக்கித் திரும்பி ஓடும். வீட்டில் பெற்றோல் வைத்திருப்போர் தங்கள் பிள்ளைகளிடம் விஞ்ஞானப் புத்தகத்தை வாங்கி, துணிக்கைகள் பற்றிய அந்தப் பக்கங்களை ஒருமுறை வாசிப்பது நல்லது. கலனை வீட்டுக்கு வெளியே வைப்பது அதனினும் நல்லது.