கம்பியும் பசையும்

ஜெயித்த பந்தயங்கள் எத்தனையோ இருக்க, நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ஒரு தோற்ற பந்தயத்தை. 1992, அமெரிக்காவின் டேடோனா. நீலமும் கண்ணில் அடிக்கும் பிங்க்குமாக ஒரு பந்தய மோட்டார் சைக்கிள். ஆண்ட்ரூ ஸ்ட்ரௌட் ஓட்டுகிறார். ஒரு டுகாட்டி வண்டியை முந்தும் வேகத்தில் அவருடைய முன்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. டுகாட்டிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையே நிற்கிறது. இதற்குப் பின்னால் நிற்பது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு வீட்டுப் பட்டறை.

பட்டறைக்காரர் பெயர் ஜான் பிரிட்டன். டிஸ்லெக்ஸியா உள்ளவர், எழுத்து அவரிடம் கடைசிவரை முரண்டு பிடித்தது. அதையும் மீறி எஞ்சினியரானார். பிறர் செய்த எஞ்சின்களோடு கொஞ்ச காலம் மல்லுக்கட்டிவிட்டு, சொந்தமாகவே ஒன்றைச் செய்வதென்று இறங்கினார். அதுதான் வி1000. இரட்டை சிலிண்டர், 999 சிசி, சுமார் 165 குதிரைத்திறன், 138 கிலோ எடை. இத்தனை சக்திக்கு இந்த எடை ரொம்பக் குறைச்சல்.

எடை எப்படிக் குறைந்தது? வண்டிக்குத் தனியாகச் சட்டகமே கிடையாது. எஞ்சின்தான் முதுகெலும்பு, முன்னும் பின்னும் மற்றதெல்லாம் அதில் தொங்குகின்றன. முன்ஃபோர்க், சக்கரங்கள் எல்லாம் கார்பன் ஃபைபர். முகப்பு ஒல்லியாக இருந்தால்தான் காற்று வழிவிடும் என்று ரேடியேட்டரைத் தூக்கி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். (ஓட்டுகிறவருக்குச் சூடாக இருந்திருக்காதா என்பது என் நெடுநாள் சந்தேகம்.)

என்னை மயக்குவது உடல்வடிவம் பிறந்த விதம். மெல்லிய கம்பியை வளைப்பார், சூடான பசைத் துளியால் ஒட்டுவார், தள்ளி நின்று பார்ப்பார், பிய்த்துப் போட்டு மறுபடியும் வளைப்பார். கோலம் போடுகிறவர்கள் கணக்கா போடுகிறார்கள்? கை முடிவு செய்த பிறகுதான் மற்றதெல்லாம். வார்த்த உலோகப் பாகங்களைப் பதப்படுத்த மனைவியின் மண்பாண்டச் சூளையைப் பயன்படுத்தினார் என்றும் சொல்வார்கள். அந்த அம்மாவின் பொறுமையைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

அந்த டேடோனாவுக்கு முந்தைய இரவு சிலிண்டர் ஸ்லீவில் விரிசல். ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான் என்கிற நிலை. விடிய விடிய வெல்டிங் வைத்து வண்டியைக் களத்தில் இறக்கினார்கள். இரவு பூராவும் பயமுறுத்திய அந்த விரிசல் தாங்கிவிட்டது. முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது ரெக்டிஃபையர் என்கிற உள்ளங்கையளவு மின்பாகம் காலை வாரிவிட்டது. பேட்டரி இறங்கி வண்டி நின்றது.

1995இல் பேர்ஸ் (BEARS) என்கிற மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரின் உலகப் பட்டத்தை ஸ்ட்ரௌட் இதே வி1000 ரக வண்டியில் வென்றார். அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி பிரிட்டன் தோல் புற்றுநோயில் இறந்தார். வயது 45. வி1000 மொத்தமே பத்துதான் செய்யப்பட்டது. ஒன்று வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தேன், முன்சக்கரம் தரையில்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொருந்தவில்லை.