ரயில் பெட்டிக்கு அட்டைப் பெட்டி அவசியமா?

"காலி அட்டைப் பெட்டி எதுக்கு? தூக்கிப் போடுங்க!" மாடல் ரயில் சேர்ப்பவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் குரல் இது.

அவசரப்பட வேண்டாம். சென்னை ஐ.சி.எஃப். தயாரித்த நீல நிற ரயில் பெட்டி 21 மீட்டர் நீளம். 1:87 மாடலில் அது 25 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். வீடு மாறும்போது அதன் மெல்லிய கைப்பிடிகள் உடையாமல் காப்பது, அளவெடுத்துச் செய்த அட்டைப் பெட்டிதான். விற்கும்போதும் பெட்டி இருந்தால் கூடுதல் விலை.

ஆனால், குயிலாப்பாளையம் போன்ற கடலோர ஊரில் அட்டை ஈரம் இழுக்கும், கரையான் அரிக்கும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் நாளடைவில் பிசுபிசுத்து, ரயிலின் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். பழைய ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, அட்டைப் பெட்டியை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள்.

கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் அட்டையில்தான் இருக்கும். தாத்தா சேர்த்தது என்ன என்று நாளை பேரனுக்குச் சொல்லப்போவது அதுதான்.