கம்ப்ரஷன் எங்கே போனது?

பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கப் போகிறவர்கள் கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறார்கள். விற்பவர் ஓர் உதை விடுவார், வண்டி பிடித்துக்கொள்ளும், இரண்டு தடவை ரேஸ் கொடுப்பார். அந்தச் சத்தத்திலேயே பாதி விலை பேசி முடிந்துவிடும். 1985இல் வந்து 1996இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. கடைசியாக வந்த வண்டிக்கே கால் நூற்றாண்டைத் தாண்டிய வயது. இத்தனை கை மாறிய எஞ்சினில் பார்க்க வேண்டியது கம்ப்ரஷனை.

அக்கா மகன் ஊட்டியில் ஒரு வண்டியைப் பார்த்து வைத்திருந்தான். கூடவே போனோம், நானும் எங்கள் மெக்கானிக் அண்ணனும். “சவுண்டு எப்படி இருக்கு பாருங்க மாமா” என்றான். அண்ணன் சிரிக்கவில்லை. “சவுண்டை எப்படி வேணும்னாலும் பண்ணலாம் தம்பி. கிக்கரை மிதிச்சுப் பாரு” என்றார்.

நல்ல கம்ப்ரஷன் இருந்தால் கிக்கர் காலை எதிர்த்து நிற்கும். இங்கே மிதித்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனாலும் அண்ணன் காலை முழுதாக நம்புவதில்லை. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு வைத்தால், அது ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொண்டு தேய்ந்த எஞ்சினையும் கொஞ்ச நேரம் இளமையாகக் காட்டும். அதனால் முதலில் ஒரு சுற்று ஓட்டி எஞ்சினைச் சூடாக்கினார். பிறகு சாவியை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜை முறுக்கினார். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தபடி, முள் இனி ஏறாது என்னும்வரை உதைத்தோம். பாதி திருகினால் காற்று முழுசாக உள்ளே போகாது. முள்ளும் பொய் சொல்லும்.

70 பிஎஸ்ஐ.

“மலையில எல்லா வண்டியும் அப்படித்தாண்ணே காட்டும்” என்றார் விற்பவர். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சென்னையில் 120 காட்டும் எஞ்சின் அங்கே 90 பக்கம்தான் காட்டும். கேஜும் ஏமாற்றலாம். இந்த 98 சிசி எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் இரண்டு மூன்று டீஸ்பூன்தான். காற்றைத் திரும்ப விடாத குட்டி வால்வு பிளக் முனையிலேயே இல்லாத கேஜ் என்றால், அதன் ஹோஸுக்குள் இருக்கும் இடமும் அதோடு சேர்ந்து அளவைக் குறைத்துவிடும். அண்ணனின் கேஜில் வால்வு முனையிலேயே இருந்தது. மலைக்கான தள்ளுபடி போக, கீழே அது 90 காட்டக்கூடிய எஞ்சின். இந்த வகை எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் பொதுவாக 110க்குக் குறையாது. மலையைத் தவிர வேறு ஏதோவும் இருந்தது.

டூ-ஸ்ட்ரோக்கில் ஹெட்டில் வால்வு இல்லை, அதனால் அந்தச் சந்தேகமே கிடையாது. கசிந்தால் ஹெட்டில் கசிய வேண்டும், இல்லை ரிங்கும் போரும் தேய்ந்திருக்க வேண்டும். ஹெட் காஸ்கெட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி உதைத்தோம், நுரை எழவில்லை. பிறகு சில சொட்டு 2டி ஆயிலை மட்டும் உள்ளே விட்டு மறுபடி உதைத்தபோது முள் 90ஐத் தாண்டியது. அதற்கு மேல் ஆயில் விட்டால் ஆயிலே இடத்தை அடைத்து அளவைக் கூட்டிவிடும். இது விற்பவர்கள் செய்யும் அந்தத் தந்திரம்தான். அதையே சோதனையாகத் திருப்பிக்கொண்டார் அண்ணன். கசிவு பிஸ்டன் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

பக்கம் தெரிந்ததே தவிர, காரணம் தெரியவில்லை. ரிங் தேயாமலே கார்பனில் ஒட்டிக்கிடந்தாலும் இதே அளவுதான் வரும். அதற்குச் சுத்தம் செய்தாலே போதும். சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் போர்ட் வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம். ரிங் விரலுக்கு அசைந்தது. பிஸ்டனின் இந்தப் பக்கத்தில் சூட்டில் பிடித்த தழும்பு இல்லை. அடுத்து கார்புரேட்டரையும் ரீட் வால்வையும் கழற்றி இன்டேக் பக்கம் பார்த்தார். அங்கே மேலிருந்து கீழாக நெருக்க நெருக்கமாகக் கோடுகள். தூசி அறுத்த கோடுகள். ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே பில்டரே இல்லை. சத்தம் கூடுவதற்காக யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். அக்கா மகனை மயக்கிய அந்தச் சத்தத்துக்கு விலையாகப் போனதுதான் கம்ப்ரஷன்.

அண்ணன் அதோடு விடவில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸுக்குள்ளும் காற்று அழுத்தப்படுகிறது. கேஜ் அதைக் காட்டாது. மேக்னட் பக்க ஆயில் சீல் போயிருந்தால் வெளிக்காற்று புகுந்து கலவை நீர்த்துப்போகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நிற்கும். இதைப் பார்க்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் சூட்டில் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயில் குறைந்து வெள்ளைப் புகை வரும். இந்த வண்டியில் இரண்டு அறிகுறியும் இல்லை.

விலையைக் குறைத்து வாங்கினோம். கோவையில் பட்டறையில் ஹெட்டைக் கழற்றிக் கார்பனைச் சுரண்டியபோது பிஸ்டன் தலையில் 0.50 என்று இருந்தது. 50 மில்லிமீட்டர் போர் ஏற்கெனவே அரை மில்லிமீட்டர் பெரிதாக்கப்பட்டிருக்கிறது. ஓவர்சைஸ் பிஸ்டன் கால் கால் மில்லிமீட்டராக ஏறி 1.00 வரை வரும். அதற்கு மேல் புது லைனர் இறக்க வேண்டும். லேத் பட்டறையில் 0.75 பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதன் அளவுக்கே போர் அடிக்கச் சொன்னார் அண்ணன்.

மீட்டரை மாற்றிவிடலாம், பெயின்ட் அடித்துவிடலாம். ஆனால் புது லைனர் இறக்காமல், பிளாக்கில் மிச்சமிருக்கும் வெட்டுகளை யாராலும் கூட்ட முடியாது. இதற்கு இன்னும் ஒரு வெட்டுத்தான் பாக்கி. பில்டருக்கான பணத்தை அக்கா மகன் பேரம் பேசாமல் கொடுத்தான்.