பூனைக்கு ஒரு பனிக்கால வீடு

ரொறன்ரோவில் குளிர் தொடங்கப் போகிறது. ஜனவரி இரவுகளில் மைனஸ் 15 பாகைக்குக் கீழேயும் போகும். எங்கள் பின்வளவில் திரியும் பூனைகளோ ஆளைக் கண்டதும் ஓடுபவை. வீட்டுக்குள் எடுக்க முடியாது. அதனால் வெளியிலேயே ஒரு வீடு செய்து வைத்திருக்கிறேன்.

பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி, இடைவெளி முழுக்க ரெஜிபோம். வாசல் 6 அங்குலம் போதும். இடம் தாராளமாக இருந்தால் நல்லதென்று நினைப்போம், அப்படியில்லை. பூனையின் உடற்சூடு மட்டுமே உள்ளே கணகணப்பைத் தரும், பெட்டி பெருத்தால் அது நிற்காது.

பாவம் பார்த்துப் பழைய போர்வையைப் போட்டுவிடாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி உறைந்து, பூனையின் சூட்டையும் இழுத்துவிடும். காய்ந்த புல்லும் ஈரம் பிடிக்கும். நல்லது வைக்கோல்தான். ஊரில் மாட்டுக்குப் போட்ட அதே வைக்கோல், இங்கே தோட்டக் கடைகளில் கட்டாகக் கிடைக்கிறது. பெட்டியைச் செங்கல்லின் மேல் உயர்த்தி, வாசலைக் காற்றடிக்காத பக்கம் திருப்பி, மூடிமேல் பாரம் வையுங்கள்.

இன்னொன்று: காலையில் காரை ஸ்டார்ட் பண்ணமுதல் பொனெற்றில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். சூடு தேடி எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பூனை படுத்திருக்கலாம்.