கல்லின் முன் பதினைந்து ஆண்டுகள்

ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசி முதல் செங்கோட்டை வரை உணவுக் கடைகளில் அடுப்பு அணைவதில்லை. அருவியில் நனைந்தவருக்குப் புரோட்டாவும் சால்னாவும் நாட்டுக்கோழி வறுவலும் உடனே இலைக்கு வர வேண்டும். இந்த அவசரத்தின் நடுவே பதினைந்து ஆண்டுகள் கல்லின் முன் நின்ற நம் பங்கு அன்பர் ஒருவர், "சாமி, இனிமேல் போய்ச் சமையல் படித்தால் பிரயோசனம் உண்டா?" என்று நம்மிடம் கேட்டார். வயது முப்பத்து நான்கு. பத்தாம் வகுப்புத் தேறியவர். பிள்ளைகள் இருவர்.

படிப்பு நல்லதுதானே என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. சம்பளமும் பேட்டாவும் நின்றுபோனால் அவ்வீட்டில் அரிசி வாங்குவது யார்? மைய அரசு 1982இல் நிறுவிய உணவக மேலாண்மைத் தேசியக் குழுமத்தின் பாடத்திட்டத்தில், பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கென ஒன்றரை ஆண்டுச் சமையற் சான்றிதழ் வகுப்பு உண்டு. அதில் ஏறத்தாழ ஆறு மாதம் ஓட்டல் ஒன்றில் பயிற்சி. பதினைந்து ஆண்டுகள் நின்றவரை மறுபடியும் வெங்காயம் உரிக்க நிறுத்துவார்களே என்று நினைக்கையில் நமக்குச் சிரிப்பும் வந்தது.

ஆயினும் வகுப்பறை தருவது ஒன்று உண்டு. பிசைந்த மைதாவை ஊறவிட வேண்டும் என்பதை அவர் விரல்கள் அறியும். பிசையும்போது மாவிலுள்ள புரதம் இறுகுகிறது, ஊறும்போது தளர்கிறது, ஆதலால்தான் வீசும்போது கிழிவதில்லை என்பதை அவர் அறியார். நாமும் குருமடத்தில் இறையியல் பயின்றபோது, நம் அன்னையர் வீட்டில் பழக்கியிருந்தவற்றின் பெயர்களையே பெரும்பாலும் கற்றோம். பெயர் சிறு காரியமன்று. பெயர் தெரிந்தவர்தாம் அடுத்தவருக்குச் சொல்லித்தர முடியும். ஒரு தட்டு வறுவலுக்கு எண்ணெய் எவ்வளவு, விறகு எவ்வளவு, வீண் எவ்வளவு என்னும் கணக்கும் அவ்வாறே. இதுவரை அது முதலாளியின் மேசையோடு நின்றுவிட்டது.

பேச்சு நீண்டபோதுதான் உள்ளிருந்த கேள்வி வெளிவந்தது. முன்கைகளில் எண்ணெய் தெறித்த வடுக்கள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. "ஐம்பது வயதில் நான் எங்கே நிற்பேன், சாமி?" என்றார்.

சான்றிதழ் மட்டும் வேண்டுமாயின் ஒன்றரை ஆண்டு தேவையில்லை. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று வழங்கவும் வழி செய்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, உரிமம் பெற்ற கடைகளில் இருபத்தைந்து பணியாளருக்கு ஒருவரேனும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்கிறது. அப்பயிற்சி ஒரு நாளில் முடியும். நின்று உழைக்கும் கால்களுக்கு அந்த மேற்பார்வை ஓர் இடம்.

வளைகுடா நாட்டுப் பெரிய ஓட்டலோ கப்பலோ நோக்கமென்றால் வகுப்புக்கே போகட்டும், நாற்பதைத் தொடுமுன் போகட்டும் என்றோம். இங்கேயே இருப்பதானால் சம்பளத்தை விட வேண்டாம் என்பது நம் கருத்து.

அதுவரை பீடி சுற்றியபடி கேட்டிருந்த அவர் மனைவி சொன்னார்: "கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் கூட்டம். தை போனால் வைகாசி வரைக்கும் கடையில் ஈ ஓட்டுகிறார், சாமி. அந்த மாதங்களில் சரக்கு மாஸ்டரிடம் நின்று குழம்பு படிக்கட்டுமே. ஒரு நாள் பயிற்சிக்கும் அப்போதே போய்வரலாம்."

சரக்கு மாஸ்டர் இசைவாரா என்று அவருக்கு ஐயம். ஞாயிறன்று கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிச் சென்றார்.